பூட்டுக்குள் குடிவந்தவள்

"நம்ம பள்ளிக்கூட மதிலுக்குள்ளேயே எத்தனை உயிர்கள் இருக்குன்னு பார்த்துட்டு வாங்க. முக்கால் மணி நேரம். எதையும் பிடிக்கக் கூடாது, கண்ணால மட்டும்தான்!" என்றார் அறிவியல் டீச்சர்.

சொல்லி முடிப்பதற்குள் வகுப்பே காலி. மரத்தடியில் ஒரு கூட்டம், தண்ணீர்த் தொட்டியருகே ஒரு கூட்டம்.

சுண்டு எங்கே போனாலும் முதுகுகள்தான் தெரிந்தன. வகுப்பிலேயே அவள்தான் குள்ளம். சுண்டுவிரல் என்று யாரோ வைத்த பட்டப்பெயர் தேய்ந்து சுண்டு ஆகிவிட்டது.

"கொஞ்சம் நகருங்கப்பா!"

யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

அலுத்துப்போய், விளையாட்டுச் சாமான்கள் வைக்கும் அறைப் பக்கம் போனாள். கதவில் பெரிய பழைய பூட்டு ஒன்று திறந்தபடி தொங்கியது. சரியாக அவள் கண்ணுக்கு நேரே!

'ர்ர்ர்' என்று ஒரு குளவி வந்து பூட்டின் மேல் உட்கார்ந்தது. நூலைப் போல மெலிந்த இடுப்பு. கால்களுக்கு நடுவே ஒரு பச்சைப் புழு. சாவித் துளைக்குள் புழுவோடு நுழைந்து, வெறுங்கையோடு வெளியே வந்தது.

சுண்டு அப்படியே நின்றுவிட்டாள்.

குளவி பறந்து போய், கடுகளவு ஈர மண் உருண்டையோடு திரும்பி வந்தது. துளையின் ஓரத்தில் அதை அப்பி, வாயாலேயே தேய்த்தது. மறுபடி போனது, மறுபடி வந்தது. ஒன்பது தடவை! துளை இருந்த இடமே தெரியவில்லை. எந்தக் கொத்தனாரும் இவ்வளவு வழவழப்பாகப் பூச மாட்டார்.

"அடேயப்பா, என்ன கெட்டிக்காரி!" என்று வாய்விட்டே சொன்னாள்.

"யாரு கெட்டிக்காரி?" பின்னால் விளையாட்டு சார் நின்றார். கையில் சாவி. பூட்டைப் பார்த்ததும் முகம் மாறியது. "யாரும்மா இதுல மண்ணை அடைச்சது?"

"ஒரு குளவி சார்!"

"நல்ல கதை! ஒரு கம்பி எடுத்துட்டு வா, நோண்டிடலாம்."

"ஐயோ, வேண்டாம் சார்! டீச்சர்! டீச்சர்!"

டீச்சர் ஓடி வந்தார், பின்னாலேயே மொத்த வகுப்பும். சுண்டு மூச்சு வாங்க எல்லாவற்றையும் சொன்னாள்.

"உள்ளே முட்டை இருக்கும். குஞ்சு சாப்பிடத்தான் அந்தப் புழு. வளர்ந்து வெளியே வர மூணு நாலு வாரம் ஆகும்" என்றார் டீச்சர்.

"நாலு வாரமா? இது பூட்டா, பிரசவ ஆஸ்பத்திரியா?" என்றார் சார். "நாளைக்குப் போட்டி இருக்கு டீச்சர். அத்தனை பந்தும் உள்ளே. நான் கதவை எப்படிப் பூட்டுறது?"

சுண்டு பூட்டைப் பார்த்தாள். பிறகு சைக்கிள் நிறுத்தும் இடத்துக்கு ஒரே ஓட்டமாக ஓடி, தன் சைக்கிள் சங்கிலிப் பூட்டோடு வந்தாள்.

"இதைக் கதவுக்குப் போடுங்க சார். அந்தப் பூட்டைப் பக்கத்து ஜன்னல் கம்பியில மாட்டிடலாம்."

"அப்போ உன் சைக்கிள்?"

"நான் நடந்தே வர்றேன் சார். வீடு பக்கம்தான்."

பக்கமெல்லாம் இல்லை. இருபது நிமிட நடை.

சார் அவளை ஒரு கணம் பார்த்தார். பிறகு பூட்டை ஆடாமல் அசையாமல், பச்சைக் குழந்தையைத் தூக்குவதுபோல் இரண்டு கையாலும் கழற்றினார்.

அன்று முதல் ஜன்னலடியில் தினமும் கூட்டம். ஆனால் முன்வரிசை எப்போதும் சுண்டுவுக்குத்தான்.

இருபத்தாறாம் நாள் மதியம், மண் மூடியில் ஊசி முனையளவு ஓட்டை விழுந்தது.

"சார்! சீக்கிரம் வாங்க!"

ஓட்டை பெரிதானது. முதலில் இரண்டு மீசைகள், பிறகு ஒரு தலை, அப்புறம் அந்த மெல்லிய இடுப்பு. புத்தம்புதுக் குளவி பூட்டின் மேல் ஏறி நின்று, சிறகை உதறியது. 'ர்ர்ர்' என்று அது கூரைக்கு மேலே பறந்து மறைந்தது.

"சாவியே இல்லாம வந்துட்டாளே!" என்றார் சார், வாயைப் பிளந்தபடி.

மறுநாள் அவர் ஒரு புதுப் பூட்டு கொண்டுவந்து கதவில் மாட்டினார். சங்கிலிப் பூட்டைச் சுண்டுவிடம் கொடுத்தார்.

"பழைய பூட்டு சார்?"

சார் அதன் துளையை ஊதிச் சுத்தம் செய்து, திறந்தபடியே மறுபடி ஜன்னல் கம்பியில் தொங்கவிட்டார்.

"இருக்கட்டும்மா. வீடு தேடி யாராவது வருவாங்க."