இரண்டு முண்டாசுகள்

வெள்ளாறு கடலோடு கலக்கும் முகத்துவாரத்தில் அந்தி மயங்கிக்கொண்டிருந்தது. கதிரவன் விட்டுச்சென்ற செம்மை நீர்ப்பரப்பில் படிந்து கிடக்க, பனந்தோப்புகளுக்கு மேலே மூன்றாம் பிறை மெல்லிய கீற்றாய்த் தலைகாட்டியது. கண்கொள்ளாக் காட்சிதான். ஆனால் அன்புள்ள வாசகர்களே, துறைமேட்டில் நின்ற தண்டல் நக்கனாருக்கு அதை ரசிக்கத் தெம்பு ஏது? அத்துறையின் படகுகளுக்கெல்லாம் தலைவரான அவர், மூன்று நாட்களாகப் படகோட்டிகளைச் சோதித்துச் சோதித்து ஓய்ந்து போயிருந்தார்.

கடல் நடுவே சிறு தீவிலிருந்த கருந்திட்டுக் கோட்டையில் பகைவர் முற்றுகைக்குள் சிக்கியிருந்தார் அரசியின் தம்பி. பிறை மறைந்ததும் ஆறு துடுப்புப் படகொன்று பகைக் கலங்களுக்கிடையே புகுந்து அவரை மீட்டு வரவேண்டும். ஐவர் தேர்வாகிவிட்டனர். ஆறாவது இடத்துக்கு இருவர் எஞ்சினர்: சேனாதிபதி மழவராயரின் மருமகன் காரி, நக்கனாரின் இளைய மகன் சாத்தன்.

"வேண்டுமானால் உம் மகனை விலக்கிக்கொள்ளலாம். அரசியாரே அனுமதி தந்திருக்கிறார்" என்று காலையிலேயே வேண்டாவெறுப்பாகச் சொல்லியிருந்தார் மழவராயர்.

நக்கனார் மறுத்துவிட்டார். நான்கு ஆண்டுகளுக்கு முன்பு தோள் அகலத்தையும் குலப்பெருமையையும் பார்த்து அவர் ஆள் பொறுக்கி அனுப்பிய படகு திரும்பவேயில்லை. அதில் போன மூத்த மகனும் திரும்பவில்லை. அன்றிலிருந்து அவர் படகில் கால் வைத்ததில்லை. கண்ணால் பார்த்து ஆளைத் தேர்ந்ததுமில்லை. இரண்டு படகுகளைப் போட்டியிடச் செய்வார். பிறகு இருவரை மட்டும் இடம் மாற்றி மீண்டும் ஓட்டச் சொல்வார். வெற்றி எவனோடு படகு மாறுகிறதோ அவனே வல்லவன். முகம் தெரிந்தால் நட்பும் பகையும் துடுப்பில் ஏறிவிடும் என்பதால் எல்லோர் முகத்தையும் துணியால் மூடி, மாறும் இருவருக்கு மட்டும் வெள்ளை, சிவப்பு முண்டாசுகள் கட்டச் செய்வார்.

முதல் ஓட்டத்தில் வெள்ளை முண்டாசு இருந்த படகு வென்றது. மாற்றினார்கள். மறுபடியும் வெள்ளையே வென்றது.

"முடிந்தது. வெள்ளையே போகட்டும்" என்றார் மழவராயர், சற்று அவசரமாகவே.

வெள்ளை முண்டாசுக்காரன் இடப்பக்கம் லேசாகச் சாய்ந்து துடுப்பு வலித்ததை நக்கனார் முதல் வீச்சிலேயே கண்டுகொண்டிருந்தார். பெற்றவருக்கு முகமா வேண்டும்? நெஞ்சு கனத்தது. ஆனால் வேறொன்றும் அவர் கண்ணில் பட்டது. நன்றாக வலித்த துடுப்பின் பின்னே நீர் சுழியிடும். சிவப்பு முண்டாசுக்காரனின் முதுகு என்னவோ விம்மித் தணிந்தது, சுழியைத்தான் காணோம்.

நக்கனார் இருவரையும் தனித்தனியே அழைத்துக் காதோடு சொன்னார்: "முறையை மாற்றியிருக்கிறேன். இன்னும் ஒரே ஓட்டம். தோற்பவனே தீவுக்குப் போவான்."

மூன்றாம் ஓட்டம் தொடங்கியது. சிவப்பு முண்டாசின் துடுப்புக்குப் பின்னே ஆறு கொதிக்கும் உலையாய்ச் சுழித்தது. அவன் படகு இரண்டு படகு நீளம் முந்தி வந்து கரை தொட்டது. மழவராயரின் முகம் வெளுத்தது.

முகத்துணிகள் அவிழ்ந்தன. சிவப்பு காரி, வெள்ளை சாத்தன்.

"போகவேண்டாம் என்றதும் பலம் வந்துவிட்டதோ, தம்பி?" என்று கேட்டார் நக்கனார். அவர் குரலில் கோபத்தைவிடக் களைப்பே மிகுந்திருந்தது. காரி தலைகவிழ்ந்தான்.

அவர் மகனிடம் திரும்பினார். "போக ஆசைப்பட்டவன் நீ. கையைத் தளர்த்தியிருந்தால் சந்தேகமின்றித் தோற்றிருக்கலாமே. ஏன் உயிரைக் கொடுத்து வலித்தாய்?"

சாத்தனுக்கு மூச்சு இரைத்தது. "துடுப்பைப் பிடித்துவிட்டு வேறெப்படி வலிப்பது, தண்டலாரே? எனக்குத் தெரியவில்லை."

வலிமையில் காரியே உயர்ந்தவன் என்பதை ஊரே பார்த்துவிட்டது. அவன் பெயரைச் சொன்னால் போதும். மகன் இன்றிரவு வீட்டில் உண்பான், ஒருவரும் குறை சொல்லமாட்டார்கள். அந்தப் பெயர் நக்கனாரின் நாக்கு நுனிவரை வந்தது. ஆனால் பகைவரின் அம்புகளுக்கு நடுவே காரியின் கை சோர்ந்தால் மற்ற ஐவரும் என்ன ஆவார்கள்? அவர்களுக்கும் தந்தையர் உண்டே.

"பலத்தை ஒளிக்கத் தெரிந்தவனுக்கு என் படகில் இடமில்லை. சாத்தன் போகிறான்" என்றார்.

பிறை மறைந்தது. அறுவரும் ஏறி அமர்ந்தனர். நக்கனார் மேலாடையை இடுப்பில் இறுகக் கட்டிக்கொண்டு நீரில் இறங்கினார். நான்கு ஆண்டுகளுக்குப் பிறகு படகின் விளிம்பைத் தொட்டார். ஏறிப் போய்ச் சுக்கானருகே அமர்ந்தார்.

"அந்த இடத்துக்கு மட்டும் போட்டி கிடையாதோ?" என்று கரையிலிருந்து கேட்டார் மழவராயர்.

"வைத்தேன், சேனாதிபதி. வேறொருவரும் வரவில்லை" என்றார் நக்கனார், சுக்கானைப் பிடித்தபடி.