இரவல் காரணம்

காரணமானிக்கு வாய்ப்பேச்சு தேவையில்லை. தலையில் கவசத்தை மாட்டிவிட்டு, "இயக்கத்துக்கு ஏன் போனாய்?" என்று கேட்டால் போதும். அந்தக் கேள்விக்கு மூளையில் முதலில் விழிக்கும் நினைவு எதுவோ, அது திரையில் ஓடும். கட்டாயத்தால் போனவள் என்றால் அன்றைக்கே வீடு. பழிவாங்கப் போனவள் என்றால் பத்து வருடம் உள்ளே.

சண்டை முடிந்தபின் அரசாங்கம் வைத்த தடுப்பு முகாமின் வரிசையில் பயமில்லாமல் நின்றவள் தர்சிகா ஒருத்திதான். வீட்டுக்கு ஒருவர் வேண்டும் என்று நான்கு வருடத்துக்கு முன் இயக்கம் கேட்டபோது, பதினான்கு வயதுத் தங்கை மயூரியைக் காப்பாற்றத் தான் போனாள். உண்மையைக் காட்ட என்ன பயம்? அவளைக் கூட்டிப்போக மயூரி கம்பிவேலிக்கு அப்பால் காத்திருந்தாள்.

கருவியும் அவளுக்குப் புதிதல்ல. இயக்கத்திடமும் ஒன்று இருந்தது. மனமில்லாதவளைச் சேர்ப்பதில்லை என்று அவர்களுக்கு ஒரு பெருமை. கருவி ஒருத்தியைத் திருப்பி அனுப்பினால், அந்த வீட்டின் அடுத்த பிள்ளை வரவேண்டும்; தர்சிகா வீட்டில் அது மயூரி. நல்ல நியாயம்.

அதனால் பயிற்சி முகாமில் இசைநிலா என்ற தோழி தன் காரணத்தை இவளுக்கு இரவல் கொடுத்தாள். பதுங்குகுழி வெட்டிய நாற்பது நாளும் ஒரே கதைதான். குண்டு விழுந்து வீடு எரிகிறது. கோழிகளைத் திறந்துவிட ஓடிய அம்மா திரும்பவில்லை.

"அம்மா என்ன சேலை?"

"பச்சை."

"கரை?"

தர்சிகா தடுமாறினாள்.

"முதல்ல இருந்து சொல்லு. உன்ர அம்மா எண்டு நினைச்சுச் சொல்லு. அப்பத்தான் அது நம்பும்."

நாற்பத்தோராம் நாள் கருவி நம்பியது. எட்டு மாதத்தில் இசைநிலா செத்துப்போனாள். அந்த அம்மாவுக்காக அழ அதன்பிறகு தர்சிகாவை விட்டால் ஆளில்லை. அவள் அழுதாள், பல மாதங்கள்.

இப்போது கவசம் தலையில் ஏறியது. அதிகாரி கேட்டார். திரையில் தீ எழுந்தது.

"அது என்ர நினைவில்லை, சேர். செத்த பிள்ளையின்ர."

அதிகாரி கெட்டவரல்ல. "அப்ப உங்கட சொந்தக் காரணத்தை நினையுங்கோ, பிள்ளை."

வீட்டை விட்டுக் கிளம்பிய காலையை நினைத்தாள். வாசல் படலையடியில் அம்மா வந்து நின்றாள். பச்சைச் சேலை, பின்னால் புகை. மூன்று முறை பார்த்தார்கள், மூன்றிலும் அப்படியே.

"ஒரு வருசத்தால திரும்பப் பாப்பம்" என்று அதிகாரி கையெழுத்திட்டார்.

வேலியடியில் ஐந்து நிமிடம் கொடுத்தார்கள்.

"அம்மா கணவாய்க்கறி வச்சுப் பாத்துக்கொண்டிருக்கிறா" என்றாள் மயூரி.

"அவ இருக்கிறா எண்டு தெரியும். ஆனா முகம் வருகுதில்லை, மயூரி. தீயில செத்தவவின்ர முகம்தான் வருது."

மயூரி கண்ணைத் துடைத்துக்கொண்டு கம்பியோடு நெருங்கி நின்றாள். "நான் கிழமைக்குக் கிழமை வந்து சொல்லித்தாறன், அக்கா. அம்மாவுக்கு இடது கன்னத்தில மச்சம். சொல்லு."

"இடது கன்னத்தில மச்சம்."

"சிரிக்கேக்க வாயைப் பொத்துவா."

"வாயைப் பொத்துவா."

ஒரு வருடத்தில் கருவி நம்பிவிடும். அதன்பிறகு வீட்டு வாசலில் நிற்பவளைத் தன் அம்மா என்று தானும் நம்புவாளா என்பதுதான் தர்சிகாவுக்குத் தெரியவில்லை.