இலை வாட்டும் மாடியில் தெய்வம்மா

மாடிப்படி ஏறி வந்தவள் தெய்வம்மா ஒருத்திதான். ஆனால் படியில் பதிந்திருந்த ஈரத் தடங்கள் இருவருடையவை.

ஊசிச் சோதனையைக் கவனித்துவந்த கோகிலவாணி அவற்றைத் துடைத்தாள். தேயிலை விலை வீழ்ந்து மூடப்பட்ட அந்தக் கோத்தகிரித் தொழிற்சாலையின் இலை வாட்டும் மாடியில்தான் தடுப்பூசி நிறுவனம் தன் குவாண்டம் கணினியை நிறுவியிருந்தது. பனிமூட்டம் சன்னல்களை அடைத்துக்கொண்ட அப்பிற்பகலில், குளிரூட்டும் குழாய்கள் உறங்குபவரின் மூச்சைப் போல ஏறி இறங்க, மூன்றாண்டுகளாக ஓர் இலையும் காணாத தட்டுகளிலிருந்து வாடும் கொழுந்தின் மணம் மெல்ல எழுந்தது.

வேலையிழந்த தெய்வம்மா காலையில்தான் சோதனை ஊசி போட்டுக்கொண்டாள். மருந்து அவள் உடலில் எப்படியெல்லாம் வினைபுரியக்கூடுமோ, அத்தனை வழிகளையும் கணினி ஒருங்கே வைத்துக் கணித்துக்கொண்டிருந்தது. விடையைப் பார்த்த கணத்தில் ஒரு வழி மட்டும் மிஞ்சும், ஏனையவை அழியும்.

"ஏனுங் கண்ணு, உங்க பொட்டி இன்னும் ரோசிக்குதா? இந்நேரத்துக்கு நானு ஒரு கூடை கொழுந்தே பறிச்சிருப்பேன்."

"கொஞ்சம் பொறுங்கக்கா. முடிவு தெரியாம உங்களை ஊட்டுக்கு அனுப்பக் கூடாதுங்க."

"எனக்கென்னங்க, கல்லாட்டம் இருக்கறேன்!" நாற்காலியில் அமர்ந்திருந்த தெய்வம்மா சிரித்தாள்.

"மூச்சு முட்டுதுங் கண்ணு," என்றது படிக்கட்டிலிருந்து அதே குரல்.

நாற்காலியில் இருந்தவளின் உதடுகள் அசையவில்லை.

கோகிலவாணி கதவைத் திறந்தாள். படியில் தெய்வம்மா. உதடுகள் நீலம். ஊசி போட்ட இடத்தில் அதே பஞ்சு. அவளுக்குப் பின்னால், முகம் வீங்கிய இன்னொரு தெய்வம்மா. அதற்கும் கீழே, பனிக்குள்ளிருந்து வரிசையாக இன்னும் பலர். நடக்க இயலாத ஒருத்தியைச் சுமந்து வந்தவளும் தெய்வம்மாவே.

கணினி கணித்த வழிகள். அத்தனையும்.

கோகிலவாணி பின்வாங்கினாள். திரை ஒளிர்ந்தது: விடை ஆயத்தம். காட்டவா?

"என்னையப் பாருங்க கண்ணு," என்றாள் நாற்காலியில் இருந்தவள். இப்போது அவள் சிரிக்கவில்லை.

"என்னைய."

"என்னைய."

எவளைப் பார்த்தால் எவள் மிஞ்சுவாள்? கோகிலவாணி கண்களை இறுக மூடினாள். பார்க்கக் கூடாது. பார்க்காதவரை தெய்வம்மா பிழைத்திருக்கிறாள்.

மூச்சுகள் நெருங்கின. சூழ்ந்தன. நின்றன.

மூடிய இமைகளின்மேல் விரல்கள் வந்து படிந்தன. ஒன்றிரண்டு சூடாக இருந்தன. ஏனையவை சில்லிட்டிருந்தன.

அவை மெல்ல, மிக மெல்ல, இமைகளைத் தூக்கத் தொடங்கின.