மூடியின் மேல் வரைந்தவை

அந்தப் படத்தை சஃப்ரீன் இன்னும் யாருக்கும் காட்டியிருக்கவில்லை. ஆனாலும் அது போன் திரையில் இருந்தது.

குடை போன்ற உடல், விளிம்பில் பதினோரு கண்கள், அடியில் பாவாடை மடிப்புகள் போலத் தொங்கும் சவ்வுகள். முந்தின நாள்தான் நோட்டில் வரைந்திருந்தாள். பதினோராவது கண் சரியாக வராமல் கொஞ்சம் கோணிப்போயிருந்தது. திரையில் இருந்த படத்திலும் அந்தக் கண் கோணியிருந்தது. ஒன்றே ஒன்றுதான் வேறு. அவள் வரைந்தது இடப்பக்கம் பார்த்துக்கொண்டிருந்தது, இது வலப்பக்கம் பார்த்தது.

வெளியிட்டவர் பெயர் நீரடி.

வியாழனின் யூரோப்பா என்ற நிலவில், தடித்த பனிக்கு அடியில் ஒரு கடல் இருக்கலாம் என்கிறார்கள். அந்தக் கடலில் என்னவெல்லாம் நீந்தும் என்று கற்பனை செய்து வரைவதை சஃப்ரீன் விலங்கியல் படித்த காலத்தில் தொடங்கினாள். கணவாயின் கைகள், தூண்டில்மீனின் விளக்கு, சொறிமீனின் சவ்வு என்று தெரிந்த பிராணிகளிலிருந்து எடுத்து, தெரியாத பிராணிகளைச் செய்வாள். இணையத்தில் 'பனிக்கடியில்' என்ற கணக்கில் போடுவாள். பெயர் கிடையாது, முகம் கிடையாது. நானூற்றுச் சொச்சம் பேர் பார்த்தார்கள். மாதுங்காவில் அவள் அறிவியல் சொல்லிக்கொடுக்கும் கோச்சிங் வகுப்பில் கடைசி பெஞ்சுக்குக் கூட அவள் குரல் எட்டாது. அந்தக் கணக்கில் மட்டும் அவளால் சத்தமாகப் பேச முடிந்தது. யாரோடு பேசுகிறாள் என்று வாப்பாவுக்குத் தெரிந்தால் போன் போய்விடும். போன் போனால் அந்தக் குரலும் போய்விடும்.

நோன்புக்குப் பிறகு வந்து சேர்ந்த நீரடி, மற்றவர்களைப் போல இதயம் போட்டுவிட்டுப் போகவில்லை. கேள்வி கேட்டது.

வெளிச்சமே இல்லாத இடத்தில் கண் எதற்கு?

மேலே இருக்கும் பனி எவ்வளவு கனம்? அது உடையுமா?

வெளியே வர எவ்வளவு பெரிய துளை வேண்டும்?

கடைசிக் கேள்விக்கு அவள் ஒரு பக்கத்துக்குப் பதில் எழுதியிருந்தாள். எலும்பில்லாத பிராணிக்குத் துளை ஒரு பொருட்டே இல்லை, ஆக்டோபஸ் தன் அலகு நுழையும் இடத்தில் முழு உடம்பையும் நுழைத்துவிடும், அலகும் இல்லாவிட்டால் இன்னும் சுலபம் என்று. அன்று முழுக்க சந்தோஷமாக இருந்தது. அவளிடம் யாரும் இவ்வளவு கேட்டதில்லை.

இப்போது அந்தக் கோணல் கண்ணைப் பெரிதாக்கிப் பார்த்தபோது, சந்தோஷம் இருந்த இடத்தில் வேறு ஏதோ வந்து உட்கார்ந்தது. யாரோ நோட்டைத் திறக்கிறார்கள்.

வீட்டில் திறக்கக்கூடியவன் அண்ணன் ஷகீல்தான்.

தாராவியில் அவர்கள் வீடு, கீழே ஒரு அறையும் அடுப்படியும், இரும்பு ஏணியில் ஏறினால் தகரக் கூரைக்கு அடியில் இன்னொரு அறையும். இரண்டு சந்து தள்ளி வாப்பாவின் தோல் பட்டறை. ஷகீல் சாப்பிட வரும்போது பட்டறையின் பசை வாசனையும் கூடவே ஏறி வரும். அன்றைக்கும் வந்தது.

"காக்கா, என் நோட்ட எடுத்தியா?"

"எந்த நோட்டு?"

"படம் வரையுற நோட்டு."

அவன் சோற்றிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "இரநூறு பேக் ஆர்டர் தலைக்கு மேல கெடக்கு. இவ மீனு படத்தத் திருடப் போறேனாம். திமாக் கராப் ஆயிட்டாட்டி ஒனக்கு, மூள கொழம்பிட்டா?"

"போட்டோ கீட்டோ எடுத்து யாருக்காவது அனுப்புனியா?"

"ஒன் மீனுக்கு மாப்பிள்ளையா பாக்கேன், போட்டோ அனுப்ப?"

சபா விழுந்து விழுந்து சிரித்தாள். நான்காம் வகுப்பு படிக்கும் தங்கை. சிரித்து முடித்துத் தண்ணீர் குடித்தவள் முகத்தைச் சுளித்தாள். "உம்மா, தண்ணி கரிக்கி."

"மழைக்காலத்துல அப்படித்தான் இருக்கும்," என்றாள் உம்மா. "பேசாம குடி."

சஃப்ரீன் நம்பவில்லை. ஷகீல் சிரித்த விதத்தை நம்பவில்லை. நோட்டைத் தலையணை உறைக்குள் வைத்தாள், மேலே ஒரு தலைமுடியை வைத்தாள். காலையில் முடி வைத்தபடியே இருந்தது. நீரடி மட்டும் புதிய படம் போட்டிருந்தது. அவள் நேற்று வரைந்தது. வலப்பக்கம் பார்த்தபடி.

பயம் வரும்போது அட்டவணை போடுவது அவளுக்குக் கல்லூரியில் வந்த பழக்கம். தேதி, எங்கே வரைந்தது, வந்ததா, வரவில்லையா. இரண்டு வாரம் எழுதினாள். வகுப்புக்குப் போகும்போது ரயிலில் வரைந்தவை ஆறு. ஒன்றுகூட வரவில்லை. வகுப்பு முடிந்து காத்திருந்தபோது வரைந்தவை மூன்று. வரவில்லை. வீட்டு மாடியில் வரைந்தவை எட்டு. எட்டும் வந்தன.

எல்லாமே ஒரே நோட்டில், ஒரே பையில் இருந்தவைதான். நோட்டைத் திறப்பவன் ரயில் படங்களை மட்டும் ஏன் விட்டுவிடுகிறான்?

அட்டவணைக்குக் கீழே அவள் இன்னொன்றையும் எழுதினாள். எட்டும் இடவலம் மாறியவை. பிறகு நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்து, ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, பின்பக்கத்திலிருந்து பார்த்தாள். மை ஊறித் தெரிந்த குடையுடல் வலப்பக்கம் பார்த்தது.

மேலேயிருந்து பார்த்தால் இப்படித் தெரியாது. தாளுக்கு அடியிலிருந்து பார்த்தால்தான் தெரியும்.

மாடியில் மேசை கிடையாது. மேசைக்கு இடமும் கிடையாது. ஜன்னல் ஓரம் நிற்கும் நூறு லிட்டர் நீல டிரம்மின் கருப்பு மூடிதான் அவள் மேசை. தட்டையான மூடி, இடுப்பு உயரம், நின்றபடி வரைய வசதி. காலையில் குழாயில் தண்ணீர் வரும் இரண்டு மணி நேரத்தில் மோட்டார் அதை நிரப்பும். அடியிலிருந்து ஒரு குழாய் சுவருக்குள் இறங்கி அடுப்படிக்குப் போகும். வாப்பா நோன்புக்கு முன்னால் பழைய சாமான் கடையில் மலிவாக வாங்கி வந்தார். வெளிப்பக்கம் வெள்ளை வெள்ளையாகச் சுண்ணாம்பு வட்டங்கள் ஒட்டியிருந்தன. கொட்டலசு. கப்பலின் அடியில் ஒட்டும், ஓடுள்ள சின்னக் கடலுயிர்கள். கரண்டியால் சுரண்டி எடுத்தவள் அவள்தான். கழுவி மூடிய பிறகு அதை யாரும் திறக்கவில்லை. திறக்கத் தேவை வரவில்லை.

சஃப்ரீன் ஜன்னலருகே நின்றபடி டிரம்மைப் பார்த்தாள். தண்ணீர் இருக்கிறது, அவ்வளவுதான். மூடிக்கு அடியில் ஷகீல் கேமரா ஒட்டியிருக்கலாம். இருக்கலாம். ஆனால் தடித்த கருப்பு பிளாஸ்டிக்கைத் தாண்டி எந்தக் கேமராவும் பார்க்காது. அதையும் எழுதினாள். எழுதிவிட்டு அடித்தாள்.

கடைசியாக ஒரு பொறி வைக்க நினைத்தாள். யாரும் தற்செயலாக வரைய முடியாத ஒன்றை வரைய வேண்டும். தன் இடது கையைத் தாள்மேல் விரித்து, ஓரத்தைப் பென்சிலால் ஓட்டி, நகங்கள் போட்டு, ரேகைகள் போட்டு, சுண்டுவிரலுக்குப் பக்கத்தில் ஆறாவதாக ஒரு விரலைச் சேர்த்தாள். டிரம்மின் மூடிமேல் வைத்தே வரைந்தாள். வரைந்து முடித்த தாளை எடுக்கவில்லை.

மறுநாள் பள்ளிக்கு மழை விடுமுறை. பகல் மூன்று மணிக்கே இருட்டிக்கொண்டு வந்தது. தகரக் கூரையில் மழை கொட்டியது, சந்தின் சத்தமெல்லாம் அதில் அமுங்கிப்போனது, தையல் மிஷின்கள், யாரோ யாரையோ ஹிந்தியில் திட்டுவது, மசூதி ஒலிபெருக்கியின் கரகரப்பு, எல்லாமே மழைக்குள் போய்விட்டன. ஈரத் தோலின் வாடை ஜன்னல் வழியே ஏறியது. அதற்கு அடியில் இன்னொரு வாடையும் இருந்தது. கடற்கரையில் அலை விலகிப்போன பாறைகளின் வாடை. உம்மா நூல் பிசிறு வெட்டிய பைகளைக் கொடுத்துவிட்டு வரப் பட்டறைக்குப் போயிருந்தாள். கீழே சபா மட்டும் இருந்தாள்.

நீரடி எதையும் போட்டிருக்கவில்லை. பொறியில் எதுவும் விழவில்லை. நிம்மதி கூட வந்தது.

அப்போது கரண்ட் போனது.

இருட்டில் போன் திரை மட்டும் தெரிந்தது. நீரடியிடமிருந்து ஒரு செய்தி.

நன்றி. இத்தனை நாள் கண் மட்டும்தான் வரைந்து தந்தாய்.

நீங்கள் யார் என்று எழுதி அனுப்பினாள்.

அனுப்பிய நொடியில் ஜன்னலோரம் வெளிச்சம் வந்தது.

நீலம். டிரம்மின் உள்ளேயிருந்து. மெல்ல ஏறி, மெல்ல அணைந்தது. ஆழ்கடல் உயிர்களின் ஒளி பெரும்பாலும் நீலமாகத்தான் இருக்கும், தண்ணீரில் அதிக தூரம் போகும் நிறம் அதுதான். வகுப்பில் அவள் சொல்லிக்கொடுத்த வரி. வரி மட்டும் தலைக்குள் ஓடியது. அவள் நகரவில்லை.

ஒரு புள்ளி மட்டும் அனுப்பினாள்.

நீலம் வந்தது. போனது.

இன்னொரு புள்ளி.

நீலம் வந்தது. இந்தத் தடவை போகவில்லை. பிளாஸ்டிக் சுவருக்கு அந்தப் பக்கம் கண்கள் வரிசையாக ஒட்டியிருந்தன. எண்ணினாள். பதினொன்று. ஒன்று கோணல்.

கண்களுக்குக் கீழே ஒரு கை.

சுவரில் பரப்பி வைத்த உள்ளங்கை. அவள் வரைந்தது இடது கை. இது வலது. அவள் வரைந்த ரேகைகள். அவள் வரைந்த நகங்கள். சுண்டுவிரலுக்குப் பக்கத்தில் ஆறாவது.

எலும்பு மட்டும் இல்லை. அவள் எலும்பு வரையவில்லை.

கை சுவரில் வழுக்கிக் கீழே இறங்கியது. டிரம்மின் அடிக்கு. குழாய் தொடங்கும் இடத்துக்கு. விரல்கள் நீண்டன. மெலிந்தன. கயிறு போல ஒவ்வொன்றாக உள்ளே போயின.

"ராத்தா!" கீழேயிருந்து சபா. "அடுப்படிக் கொழாயில தண்ணி வரல."

சஃப்ரீன் வாயைத் திறந்தாள்.

"என்னமோ அடச்சிருக்கு ராத்தா. மெத்துன்னு இருக்கு. வெரல விட்டு எடுக்கட்டா?"

வேண்டாம் என்றாள். மழை. இன்னும் சத்தமாகச் சொன்னாள். கடைசி பெஞ்சுக்குக் கூட எட்டாத குரல். ஏணியைத் தேடி ஓடினாள். கால் இன்னும் முதல் படியைத் தொட்டிருக்கவில்லை.

கீழே சபா சிரித்தாள்.

"ராத்தா, இங்க வந்து பாரேன். என் வெரலப் புடிக்கி!"

நீல வெளிச்சத்தில், டிரம்மின் அடியில், குழாய்க்குள் போகாமல் மிச்சமிருந்த உள்ளங்கை மெல்ல, மிக மெல்ல, மூடிக்கொண்டது.