மணலில் ஊற்றியது

ஒருவரும் போகாத கக்கூஸில் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

பல் துலக்கும் பிரஷ்ஷை வாயில் வைத்தபடியே ஆனந்தராசா அதைப் பார்த்தார். படுக்கை, அடுப்பு, குளியலறை எல்லாவற்றையும் ஒரு வானுக்குள் அடைத்து வைத்திருக்கும் வோன்மொபில் அது. குளியலறை அலுமாரி அளவுதான். இருக்கைக்கு மேலே கடுகளவு விளக்கு. அடியிலிருக்கும் கழிவுப் பெட்டி நிறைந்துவிட்டது, கொண்டுபோய் ஊற்று என்பது அதன் அர்த்தம். பெட்டியை நேற்று மாலைதான் அவர் வெறுமையாக்கினார். இரவு இருவரும் வண்டிகள் தரிக்கும் இடத்திலுள்ள பொதுக் கழிப்பறைக்கே போய்வந்தார்கள். பெட்டிக்குப் போடும் நீல மருந்தின் இனிப்பு வாசத்தையும் காணவில்லை. கிணறு இறைக்கும்போது அடியிலிருந்து ஒரு சேற்று மணம் வருமே, அது வந்தது. அதற்குள் துருப்பிடித்த இரும்பின் மணமும் இருந்தது.

“சென்சர் பிழைபோல கிடக்கு,” என்று உரக்கச் சொன்னார். அவரிடம் யாரும் எதுவும் கேட்டிருக்கவில்லை.

இந்தப் பயணம் அவருடைய மனைவி ஜெயமலரின் ஆசை. அமெரிக்கப் பாலைவனங்களில் வீட்டு வண்டியோடு திரியும் கிழட்டுச் சோடிகளின் வீடியோக்களை அவள் மாரி முழுக்கப் பார்த்துத் தள்ளினாள். அரிசோனாவுக்குப் போக விடுமுறை காணாது. அப்போதுதான் அவளோடு வேலை செய்யும் அன்ரனிற்றா, ஜெர்மனியிலேயே ஒரு பாலைவனம் கிடக்கிறது என்று சொன்னாள். பெர்லினுக்குத் தெற்கே, பிரான்டன்பூர்க் காட்டுக்குள், சோவியத் இராணுவம் டாங்கி ஓட்டிப் பழகிப் பழகி, புல் பூண்டு எல்லாம் அழிந்து வெறும் மணலாகிப்போன நிலம். பங்குனிக் கடைசியில் ஸ்டுட்கார்ட்டில் வண்டியை வாடகைக்கு எடுத்து, புட்டுக்குழலும் மிளகாய்த்தூளும் ஏற்றிக்கொண்டு புறப்பட்டார்கள். ஆனந்தராசாவும் சந்தோசமாகத்தான் வந்தார், இந்தப் பெட்டி விசயம் வரும்வரைக்கும்.

பெட்டிக்குச் சில்லு உண்டு, இழுகைப்பிடி உண்டு. வெள்ளைக்காரர் அதை விமான நிலையத்துப் பயணப் பெட்டிபோல இழுத்துக்கொண்டு, எதிரில் வருகிறவருக்கு வணக்கமும் சொல்லிக்கொண்டு போனார்கள். ஊற்றும் இடமோ தரிப்பிடத்தின் நட்டநடுவில். அதைச் சுற்றி மடக்கு நாற்காலிகளில் கோப்பியும் கையுமாகச் சனம்.

ஆனந்தராசா யாழ்ப்பாணப் பட்டினத்தில், வாளிக் கக்கூஸ் இருந்த வீட்டில் பிறந்தவர். வாளி தூக்க வந்த மனிதர் பின் படலையால் வந்து பின் படலையால் போவார். அவரை வீட்டில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. அவருக்கும் ஒரு பெயர் இருக்கும் என்று அந்த வீட்டுப் பிள்ளை நினைத்ததுமில்லை. பிள்ளை வளர்ந்து, கடல் கடந்து, இப்போது ஸ்டுட்கார்ட்டில் கோயில் சபைச் செயலாளர். ஜெயமலர் முதியோர் இல்லத்தில், படுக்கையோடு கிடப்பவர்களைக் கழுவித் துடைக்கிற வேலை செய்கிறாள். கோயிலில் கேட்டால் ஆனந்தராசா ‘ஆஸ்பத்திரி ஒபிஸில்’ என்பார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலைதான். எல்லோருக்கும் தெரியும். பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருக்கும் ஜெயமலருக்கும் தெரியும்.

நேற்று மாலை, அந்த நாற்காலிக்காரர் முன்னால் தன் மலத்தைத் தானே இழுத்துக்கொண்டு போக அவரால் முடியவில்லை. பெட்டியைப் படுக்கை விரிப்பால் சுற்றினார். நடக்கப் போவதுபோலப் பாவனை செய்து, வண்டிக்குப் பின்னாலிருந்த பேர்ச் மரங்களுக்குள் இழுத்துப் போனார். வெடிக்காத குண்டுகள் கிடக்கலாம், உள்ளே போகாதே என்ற பலகையையும் கம்பி வேலியையும் தாண்டினார். மணலில் ஒரு பள்ளம் இருந்தது, ஆள் நீளத்துக்கு. மூடியைத் திறந்து சரித்தார். பாதி போனபோது நீர் மணலை அரித்து இறங்கிய இடத்தில் விரல்கள் தெரிந்தன.

வேர் இல்லை. நகம் இருந்தது.

பெட்டியில் இன்னும் பாதி இருந்தது. அதோடு திரும்பினால் நாற்காலிகளைக் கடந்துதான் போகவேண்டும். யாருக்காவது சொன்னால், நீ அங்கே என்ன செய்தாய் என்று கேட்பார்கள். ஆனந்தராசா கண்ணை மூடிக்கொண்டு மிச்சத்தையும் அதே இடத்தில் ஊற்றினார். பிறகு காலால் மணலைத் தள்ளி மூடிவிட்டு வந்தார். இரவு முழுக்க உடம்பு கூசியது. பயத்தைவிட வெட்கம்தான் அதிகம். ஜெயமலருக்குத் தெரியக்கூடாது, தெரிந்தால் அவள் முகத்தில் எப்படி முழிப்பது என்பதே அவருக்கு ஒரே நினைப்பாக இருந்தது.

காலைச் சாப்பாட்டுக்குப் பின் இருவரும் பாலைவனம் பார்க்கப் போனார்கள். வேலியோரம் நடைபாதை, அதன் முடிவில் மரத்தாலான பார்வைக் கோபுரம். வெண்மணல் கண்ணுக்கெட்டிய தூரம் வரை கிடந்தது. நிழல் விழுந்த பக்கத்தில் உறைபனி இன்னும் போகவில்லை. எங்கோ மேலே பெரிய நாரைகள் தகரத்தைத் தட்டினதுபோலக் கத்திக்கொண்டு வடக்கே போயின. ஜெயமலர் சின்னப்பிள்ளைபோல ஓடி ஓடிப் படமெடுத்து அன்ரனிற்றாவுக்கு அனுப்பினாள். அவர் சிரித்துக்கொண்டு நின்றார். சிரிப்பு வாயோடு சரி.

திரும்பும்போது அவள் குனிந்து நின்றுவிட்டாள். பாதையைக் குறுக்காக வெட்டி இரண்டு சோடிச் சில்லுத் தடங்கள் ஓடின. பக்கத்தில் ஒரு ஆளின் சப்பாத்துத் தடங்கள்.

“இஞ்சருங்கோ, ஆரோ பாரமான சாமான் ஒண்டை இழுத்திருக்கினம்,” என்றாள். “போகேக்க அவ்வளவு இல்லை. வரேக்கதான் நல்லாப் புதைஞ்சிருக்கு.”

ஆனந்தராசா பார்த்தார். அவருடைய சப்பாத்து. வண்டியை நோக்கி வந்த தடம் விரற்கடை ஆழத்துக்கு மணலைக் கிழித்திருந்தது. வெறும் பெட்டியோடு வந்த தடம் அது. வனத்துறைக்காரராய் இருக்கும் என்று ஏதோ சொல்லி அவளை நடக்கவைத்தார்.

பின்னேரம் காற்று எழும்பியது. ஜன்னல்களில் மணல் பொரிந்தது. ஆனந்தராசா வானொலியைப் போட்டார். வானொலிச் சத்தத்துக்கும் கீழே, கக்கூஸ் இருக்கைக்கும் அடியில், பெட்டி இருக்கும் அறைக்குள் இன்னொரு சத்தம் இருந்தது. சுளகில் அரிசி புடைக்கிறபோது வருகிற அதே மெல்லிய சரசரப்பு, ஒரு பக்கம் போய் மறுபக்கம் வந்து, மூச்சு விடுகிற நிதானத்தில். ஒலியைக் கூட்டினார். சரசரப்பு நின்றது. பிளாஸ்டிக்கை உள்ளேயிருந்து ஒரு நகம் மெதுவாகக் கீறியது. நின்றது. மறுபடி கீறியது.

“மணம் தாங்கேலாமல் கிடக்கு. நான் கொண்டுபோய் ஊத்தீட்டு வாறன்,” என்று ஜெயமலர் எழுந்தாள்.

“வேண்டாம். இருட்டட்டும். நான் போறன்.”

“ஏன் இருட்ட வேணும்?”

“சனம் பாக்கும்.”

அவள் கோபப்படவில்லை. சப்பாத்தைப் போட்டுக்கொண்டே சொன்னாள்: “இவ்வளவு வருசமா நான் அள்ளுறது இதைத்தான். கோயிலில நீங்கள் என்ன சொல்லுறனீங்கள் எண்டும் எனக்குத் தெரியும்.”

அப்போது சொல்லியிருக்கலாம். விரல்களைக் கண்டேன் என்று சொன்னால், கண்டபின் என்ன செய்தீர்கள் என்று கேட்பாள். ஆனந்தராசா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். கதவு சாத்தும் சத்தம் கேட்டது.

சில்லுகள் சரளைக்கல்லில் கடகடவென்று போயின. திரைச்சீலைக்குப் பின்னால் நின்று காது கொடுத்தார். குழாய்த் தண்ணீர் ஓடியது. நின்றது. வெகுநேரம் ஒன்றுமில்லை. பிறகு சில்லுகள் மறுபடி உருண்டன. அவை வண்டிப் பக்கம் வரவில்லை. மரங்களின் பக்கம் போய், சரளை முடிகிற இடத்தில் ஓசையற்றுப் போயின.

அவர் காத்திருந்தார். வெளிச்சம் மங்கியது. அவள் வரவில்லை. மேற்சட்டையைப் போட்டுக்கொண்டு இறங்கினார்.

ஜெயமலர் பள்ளத்தருகே முழங்காலில் இருந்தாள். பக்கத்தில் கழுவிய பெட்டி, ஊற்றும் இடத்திலிருந்து எடுத்துவந்த பூவாளி. கையாலேயே மணலைத் தோண்டியிருந்தாள். மணிக்கட்டு வரைக்கும் ஒரு கை மேலே நின்றது. அதன் விரலிடுக்குகளை ஒவ்வொன்றாக, அவசரமில்லாமல், வேலையில் கழுவுவதுபோலவே கழுவிக்கொண்டிருந்தாள்.

“பெட்டிக்குள்ள மணலும் ஒரு நகமும் கிடந்தது,” என்றாள் திரும்பாமல். “தடத்தைப் பிடிச்சு வந்தனான். நேற்றே கண்டனீங்கள், என்ன?”

“ஓம்.”

“கண்டிட்டும் ஊத்தினனீங்களோ?”

அவள் நிமிர்ந்து அவரைப் பார்த்தாள், பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். இத்தனை வருசத்தில் அவள் அப்படி முகத்தைத் திருப்பியதில்லை. மண் பிளந்து தன்னை விழுங்கினால் தேவலை என்றிருந்தது அவருக்கு.

“போய் அந்தச் சனத்தைக் கூப்பிடுங்கோ. பொலிசுக்கு போன் அடிக்கச் சொல்லுங்கோ.”

மரங்களுக்கிடையே தரிப்பிடத்தின் விளக்குகள் தெரிந்தன. யாரோ சிரித்தார்கள். “முதல்ல பெட்டியைக் கொண்டுபோய் வைப்பம். நீர் வாரும்,” என்றார் ஆனந்தராசா.

அப்போது அந்தக் கை மூடியது. அவள் மணிக்கட்டைச் சுற்றி.

ஜெயமலர் கத்தவில்லை. அவள் பார்க்கும் முதியவர்கள் இப்படித்தான் எட்டிப் பிடிப்பார்கள். “பயப்பிடாதேங்கோ, ஐயா,” என்றாள் அதனிடம், மெதுவாக. விரல்களைப் பிரிக்கப் பார்த்தாள். பிரியவில்லை.

“ஏலாமல் கிடக்கு,” என்றாள். “இஞ்சருங்கோ, எனக்கு ஏலாமல் கிடக்கு.”

மணல் சரசரத்தது. அவள் கை முழங்கை வரை உள்ளே போனது. தோள் வரை. அவர் பாய்ந்து அவளுடைய மறு கையைப் பிடித்து இழுத்தார். கால் வழுக்கியது. சேற்று மணம். இரும்பு மணம். அவள் கன்னம் மணலில் படிந்தது.

“கத்துங்கோ. ஆக்களைக் கூப்பிடுங்கோ.”

வாயைத் திறந்தார். பின்னால் வேலியோரம் ஒரு டோர்ச் வெளிச்சம் அசைந்தது. ஒரு ஆண்குரல், நட்பான குரல், எல்லாம் சரிதானா என்று ஜெர்மனில் கேட்டது.

தொழிற்சாலையில், கந்தோரில், டொக்டரிடம், முப்பது வருசமாக அந்தக் கேள்விக்கு அவரிடம் எல்லாம் சரி என்ற ஒரே பதில்தான் இருந்தது. அது தானாகவே வந்தது.

“யா, யா,” என்று திரும்பிக் கையசைத்தார். “அல்லெஸ் கூட்.”

ஜெயமலர் அவரைப் பார்த்தாள். மணல் அவள் வாயை மூடியது. பிறகு கண்ணை.

ஒரு கை மிஞ்சியது. அவருடைய கைக்குள். சூடாக. இறுக்கிப் பிடித்தபடி. இழுத்தார். அசையவில்லை.

டோர்ச்சுக்காரர் போகவில்லை. வேலியைத் தாண்டி வந்துகொண்டிருந்தார். மணலில் அவருடைய காலடி கேட்டது. ஆனந்தராசா மிஞ்சிய கையின் விரல்களை ஒவ்வொன்றாகத் தன் கையிலிருந்து பிரித்தார். மேற்சட்டையைக் கழற்றினார். அதன்மேல் போட்டார். எழுந்து முழங்கால் மணலைத் தட்டிவிட்டு, வருகிறவரைப் பார்த்துச் சிரித்தார்.

வெளிச்சம் அவர் முகத்தில் விழுந்தது. பிறகு கீழே, மேற்சட்டையின்மேல் இறங்கியது. துணிக்கு அடியில் விரல்கள் விரிந்தன. மூடின. மறுபடி விரிந்தன.