முள் திரும்பிய பக்கம்

காம்பஸ் முள் வடக்கைக் காட்டவில்லை.

மேசைக்கடியில் இரும்பு ஏதாவது கிடக்கிறதா என்று ஜெயப்ரியா குனிந்து பார்த்தாள். கல்லூரியிலிருந்து வந்த களைப்பில் குனிவதே பெரும்பாடாக இருந்தது. ஒன்றுமில்லை. காம்பஸைத் தரையில் வைத்தாள், சன்னலில் வைத்தாள். எங்கே வைத்தாலும் முள் கிழக்கே, கடலைப் பார்த்தே நின்றது.

கடலில் அண்ணன் இருந்தான். அவனுடைய படகில் அந்தக் கல்லின் பாதி இருந்தது.

போன மாதம் அவன் வலையில் வந்த விண்கல். கரி போலக் கறுப்பு. சாதாரணக் கரி காந்தத்திடம் போகாது, இது போனது. விண்கல்லில் இருக்கும் கரி, ஒட்டியிருக்கும் இரும்பிடமிருந்து காந்தத்தை வாங்கிக்கொள்ளும் என்று கட்டுரைகளில் படித்திருந்தாள். எம்.எஸ்ஸி. ஆய்வுக்கு ஒரு பாதியைக் கல்லூரியில் வைத்தாள். மறுபாதி வீட்டில் கிடந்தது.

"படகுல காம்பஸ் பொட்டி ஆடுது. முட்டுக் குடுக்க ஒரு கல்லு வேணும்" என்று நேற்று அண்ணன் ஆனந்தராஜ் சொன்னபோது அவள் காதில் சரியாக விழவில்லை. விடியலில் அவன் தெருவில் இறங்கி நடந்த பிறகுதான் அவன் கையில் அந்தக் கல்லைக் கண்டாள். காம்பஸுக்குப் பக்கத்தில் அது இருந்தால் திசையே தப்பாகிவிடும். "அண்ணே" என்று வாயெடுத்தாள். அம்மா கனகாம்பாளின் உள்ளங்கை வந்து வாயைப் பொத்தியது.

"கடலுக்குப் போறவனப் பின்னாலேந்து கூப்புடுவியாடி? படிச்ச மூதேவி."

அவள் கூப்பிடவில்லை.

மற்ற படகுகள் மதியமே கரையேறிவிட்டன. இப்போது பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. ஒரு சாண் தள்ளி வைத்தாலே அந்தக் கல்லை முள் உணராது. ஆய்வகத்தில் அவளே பார்த்தது. ஆனாலும் அவள் கண்ணெதிரே முள் மெல்ல நகர்ந்தது, யாரோ கரையிலிருந்து தெருவுக்குள் நடந்து வருவதைத் திரும்பித் திரும்பிப் பார்ப்பது போல.

"அம்மா, அண்ணன் வருதும்மா."

முள் வாசலைக் காட்டியது. நிற்கவில்லை. பக்கச் சுவரோடு நகர்ந்தது. சுவருக்கு அப்பால் ஈர மணல் அரைபடும் சத்தமும், சேற்று நாற்றமும், அதற்கடியில் கரி எரிந்த வாடையும் கூடவே நகர்ந்தன. கொல்லைக் கதவு. நின்றது.

"கொல்லப்பக்கம் வந்துட்டான் பாரு" என்று அம்மா எழுந்து ஓடினாள்.

செல்போன் அடித்தது.

"பாப்பா, நாந்தான். திருவேட்டக்குடியில கரையேறிட்டேன். கூட்டாளி நாகராஜ் போன்லேந்து பேசுறேன்." அண்ணன் சிரித்தான். "ஒங் கல்லால தெசையே தெரியல. கடல்ல வீசிட்டேன்."

கொல்லைத் தாழ்ப்பாள் விலகும் சத்தம் கேட்டது.

கத்த நினைத்தாள். அதற்குள் கதவு திறந்துவிட்டது.

பிறகு ஒரு சத்தமும் இல்லை. பிறகு கதவு சாத்தப்பட்டது.

"யாருமில்லடி" என்றாள் அம்மா.

கொல்லையிலிருந்து அடுப்படிக்கு வந்தாள். முள் அடுப்படிக்குத் திரும்பியது. கூடத்துக்கு வந்தாள். முள்ளும் வந்தது.

"பாப்பா? அம்மாட்ட குடு."

அம்மா கையை நீட்டினாள். நகக்கண்களில் கறுப்பு மணல். விரல்நுனியிலிருந்து நீர் சொட்டியது. நடுங்கியபடி முள் அந்தக் கையையே பார்த்து நின்றது.

"குடு" என்றாள்.