பித்தளை போல்ட்

லாரிக்கு அடியில் மல்லாந்து படுத்திருந்த இன்பராஜின் காதில் அந்தச் சத்தம் விழுந்தபோது, கையிலிருந்த ஸ்பானர் நழுவி அவன் நெற்றியிலேயே விழுந்தது. டப். கொஞ்சம் இடைவெளி. அப்புறம் டப் டப், இரண்டும் ஒட்டினாற்போல. ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்ததும் புகைக்குழாய் வெடிக்கிற சத்தம். எந்த வண்டியும் எப்போதாவது அப்படி வெடிக்கும்தான். ஆனால் இந்தக் கணக்கில், இந்த இடைவெளி விட்டு வெடிப்பதற்கு ஒரே ஒரு வண்டிதான் இருந்தது. அதை அப்படி வெடிக்க வைத்தவன் இன்பராஜ். அந்த வண்டியைக் கேஸ் வெல்டிங் தீயால் நாலு துண்டாக வெட்டி, பழைய இரும்புக் கடைக்கு ஏற்றிவிட்டவனும் அவனேதான்.

முட்டியைத் தேய்த்துக்கொண்டு வெளியே ஊர்ந்து வருவதற்குள் சிவகாசி ரோட்டில் புழுதி மட்டும் தொங்கிக்கொண்டிருந்தது. டயருக்குக் காற்றடித்துக்கொண்டிருந்த பட்டறை உதவியாள் நாகையாவிடம், இப்போது என்ன வண்டி போனது என்று கேட்டான். லாரி ஒன்று போனது, வேறு எதையும் கவனிக்கவில்லை என்றான் நாகையா. பத்தடி தூரத்தில் நின்றவனுக்கு இந்த மூன்று வெடிச் சத்தம் கேட்கவில்லையாம். காதில் என்ன பஞ்சா அடைத்திருக்கிறான்? இன்பராஜுக்கு எரிச்சல் மண்டைக்கு ஏறியது. விருதுநகர்க் கிட்டங்கிகளில் அடுக்கியிருந்த மிளகாய் மூட்டைகளின் நெடி எப்போதும்போல மூக்கைக் குடைந்தது. அதற்கு அடியில் இன்னொரு வாடை இருந்தது, கண்மாய்ச் சேற்றின் பச்சை வாடை. மழை பெய்து ஏழு மாதம் ஆகியிருந்தது.

மறுநாளும் சாயங்காலம் ஐந்தேகாலுக்கு அதே சத்தம். அன்றைக்குக் கியர் பெட்டிக்குள் இரண்டு கையையும் விட்டிருந்தான். அதற்கு மறுநாள் வேலையைப் போட்டுவிட்டு ரோட்டோரம் போய் நின்றான். சரியாக அந்த நேரம் பார்த்து மிளகாய் மூட்டை லோடு லாரி ஒன்று நடுவில் வந்து நின்று, ஆமத்தூருக்கு எப்படிப் போக வேண்டும் என்று வழி கேட்டது. அந்த டிரைவரை அவன் திட்டிய திட்டு நாகையாவுக்கே புதிது. லாரியைச் சுற்றி ஓடிப் பார்த்தபோது புழுதிக்குள் ஒரு துண்டு மட்டும் தெரிந்தது. கரும்பச்சை நிறத்தில் தரையை ஒட்டிய பின்பக்கம். இடது மட்கார்டில், சுத்தியல் தவறி விழுந்த நெளிசல். அந்த மட்கார்டை லாரித் தகட்டில் தட்டி எடுத்தது அவன் கை. அந்த நெளிசலும் அவனுடையதுதான்.

ஒரு வண்டியை முழுசாகப் பார்ப்பதற்கு இவ்வளவு பாடா என்று அவனுக்கு ஆத்திரமாக வந்தது. அதோடு, முழுசாகப் பார்த்துவிடக் கூடாதே என்றும் இருந்தது.

அது தங்கச்சாமியின் வண்டி. சிவகாசியில் தீப்பெட்டி லேபிள் அச்சடிக்கிற பிரஸ் வைத்திருந்த தங்கச்சாமி, மலையில் தேயிலைத் தோட்டத்தை விட்டுச் சீமைக்குக் கிளம்பிய ஒரு வெள்ளைக்காரனிடம் அதை வாங்கினான். இரண்டே பேர் உட்காரும் ஸ்போர்ட்ஸ் கார். இந்தப் பக்கத்தில் அப்படி இன்னொன்று கிடையாது. போதாதென்று அதை இன்னும் வேகமாக்கித் தர வேண்டும் என்று இன்பராஜிடம் கொண்டுவந்தான். இரண்டாவது கார்புரேட்டர் வைத்தான் இன்பராஜ். கடைசல் பட்டறையில் இன்ஜின் தலையை இழைத்தான். சைலன்சரைக் கழற்றி எறிந்துவிட்டு, விலா ஓரமாக நேர்க்குழாய் ஓட்டினான். "வெடி ஊரு வண்டி வெடிக்க வேண்டாமாலே?" என்று கேட்டான் தங்கச்சாமி. வெடித்தது. சிவகாசிக்குள் அது போனால் பட்டாசுக் கம்பெனிப் பெண்கள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு ஷெட்டைவிட்டு வெளியே ஓடிவருவார்கள். பிறகு கார் என்று தெரிந்து மண்ணை வாரித் தூற்றுவார்கள். அந்த ஊரில் அந்தச் சத்தத்துக்கு ஒரே அர்த்தம்தான்.

பட்டறை வைப்பதற்கு முன்னால் இன்பராஜும் அப்படி ஒரு கம்பெனியில் எட்டு வருஷம் ஃபிட்டராக இருந்தவன். வெடிமருந்து ரூமுக்குள் இரும்பு போகக் கூடாது. இரும்பும் இரும்பும் உரசினால் பொறி. பொறி விழுந்தால் ஷெட்டே இருக்காது. ஆணி, ஸ்பானர், கரண்டி எல்லாம் பித்தளை. செருப்பில் இரும்பு ஆணி இருந்ததற்காக ஒரு வேலையாளை ஃபோர்மேன் கன்னத்தில் அறைந்ததை முதல் நாளே பார்த்தான். எட்டு வருஷத்தில் பித்தளையை எடுக்கிற பழக்கம் கைக்குள்ளேயே போய்விட்டது.

இரண்டு வருஷத்துக்கு முந்தைய கார்த்திகையில் ஒருநாள், ஸ்டீயரிங் தண்டைச் சக்கரத்தோடு சேர்க்கிற போல்ட் தேய்ந்திருப்பதைப் பார்த்துக் கழற்றினான். தங்கச்சாமி வாசலில் நின்று ஹாரனை அடித்துக்கொண்டே இருந்தான். இன்பராஜின் கை தானாகத் தகரப்பெட்டிக்குள் போய்ப் பளபளவென்று ஒரு போல்ட்டை எடுத்தது. மரை சேர்ந்தது. முடுக்கினான். அழகாக இருக்கிறது என்றுகூட நினைத்தான். அது பித்தளை. இரும்பு தாங்குகிற இழுப்பைப் பித்தளை தாங்காது.

மூன்றாம் நாள் ஆமத்தூர்க் கண்மாய் வளைவில் வண்டி வளையாமல் நேரே போய்த் தண்ணீருக்குள் இறங்கியது. அந்த வருஷம் கண்மாய் நிறைந்து கிடந்தது. கூட்டத்தோடு கூட்டமாக இறங்கி வண்டியையும் தங்கச்சாமியின் உடலையும் தூக்கியபோது, போலீஸ் வருவதற்கு முன் இன்பராஜ் அடியில் கையை விட்டு, அறுந்து தொங்கிய போல்ட்டின் தலையை எடுத்து மடியில் கட்டிக்கொண்டான். குடித்துவிட்டு ஓட்டியதாக எழுதி முடித்தார்கள். தங்கச்சாமி டீ தவிர எதையும் குடிக்காதவன்.

அதற்கப்புறம் வேதக்கோயிலில், பாவத்தை மறைத்தவன் தொடக் கூடாத திருவிருந்துக்கு மற்றவர்கள் முன்னால் போகும்போது இன்பராஜ் பெஞ்சிலேயே உட்கார்ந்திருப்பான். ஏன் என்று அவன் மனைவி தேவமணி கேட்டுக் கேட்டு ஓய்ந்துவிட்டாள். அவள் ஆமத்தூர்ப் பள்ளிக்கூடத்தில் டீச்சர். தினமும் பஸ்ஸில்தான் போய்வருவாள்.

சத்தம் கேட்கத் தொடங்கிய ஐந்தாம் நாள் தேவமணி வழக்கத்தைவிடத் தாமதமாக வீட்டுக்கு வந்தாள். அவள் சேலையின் பின்பக்கம் தொப்பலாக நனைந்திருந்தது. அந்தப் பச்சை வாடை அவளோடு வீட்டுக்குள் வந்தது. தீபாவளி சீசன், பஸ்ஸெல்லாம் கம்பெனிக் கூட்டம், ஒருமணி நேரம் நின்றும் ஏற முடியவில்லை என்றாள். ஒரு கார்க்காரர் நிறுத்தி, மெக்கானிக் வீட்டு அம்மாதானே என்று கேட்டு ஏற்றிக்கொண்டாராம். முன்பின் தெரியாத ஆணிடம் பேசக்கூட மாட்டாள் தேவமணி. எப்படி ஏறினோம் என்று அவளுக்கே தெரியவில்லையாம்.

"ரெண்டே சீட்டுங்க. சீட்டெல்லாம் ஒரே ஈரம்," என்று சேலையைப் பிழிந்தாள். "நல்ல மனுசரா இருக்காக. உங்க கை பட்ட வண்டியாம். ஸ்டீயரிங் மட்டும் கொஞ்சம் லூசா இருக்கு, இன்பராஜ்கிட்டச் சொல்லிருங்கன்னாக."

இன்பராஜ் எழுந்து போய் வாசல் கதவைச் சாத்தினான்.

இனிமேல் எந்தக் காரிலும் ஏறக் கூடாது என்றான். நடந்து வந்தாலும் சரி, பள்ளிக்கூடத்திலேயே படுத்துக்கொண்டாலும் சரி. குரல் அவனுக்கே அதிகமாகக் கேட்டது. தேவமணி சேலையைப் பிழிவதை நிறுத்திவிட்டு அவனைப் பார்த்தாள்.

"ஏன்னு சொல்லுங்க. காரணத்தைச் சொன்னா நான் கேக்கேன்."

சொல்லியிருக்கலாம். ஒரே ஒரு வார்த்தைதான்.  சொன்னால் இவள் முகம் என்ன ஆகும்? இதே முகம் நாளைக்கும் தன்னைப் பார்க்குமா? அவன் பாத்திரத்தை எட்டி உதைத்துவிட்டு, புருஷன் சொன்னால் கேட்க வேண்டும் என்று கத்தினான்.  நாள் முழுக்கப் பிள்ளைகளோடு கத்திவிட்டு வந்து, காலும் கடுக்க, காரணமில்லாத வசவும் வாங்க வேண்டியிருக்கிறது என்று அவள் அடுப்பைப் பார்த்துச் சொல்லிக்கொண்டாள். தன்மேல் இருந்த கோபத்தை இவள்மேல் கொட்டிவிட்டோம் என்று அவனுக்குத் தெரிந்தது. பாயை விரித்துச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான்.

காலையில் பட்டறைக்குப் போனதும் மூலையிலிருந்த கிரீஸ் டப்பாவைத் திறந்து விரலை விட்டான். இரண்டு வருஷமாக அதற்குள் புதைத்து வைத்திருந்த போல்ட் தலை அங்கேயே இருந்தது. துடைத்துப் பார்த்தான். அறுந்த முகம் நேற்று அறுந்ததுபோலப் புதிதாக மின்னியது. திரும்ப உள்ளே அழுத்தி மூடினான். இன்றைக்குச் சாயங்காலம் சொல்லிவிடுவது என்று முடிவு செய்தான். கட்டாயம் சொல்லிவிடுவது.

அன்றைக்குப் பகல் நகரவே இல்லை. தொட்டதெல்லாம் தகராறு. நட்டு சுற்றவில்லை, ஜாக்கி ஏறவில்லை. ஐந்து மணிக்கு ரோட்டில் போய் நின்றான். ஐந்தேகால். சத்தம் இல்லை. ஐந்தரை. பஸ் ஒன்று படியில் ஆள் தொங்க வந்தது. ஜன்னல் ஜன்னலாகப் பார்த்தான். தேவமணி இல்லை. அடுத்த பஸ் நிற்காமலே போனது.

சத்தம் வரவே இல்லை. அதுதான் அவனைப் பட்டறைக்குள் ஓட வைத்தது.

கிரீஸ் டப்பாவைத் திறந்தான். நடுவில் போல்ட் தலை அளவுக்கு ஒரு குழி. குழிக்குள் தண்ணீர்.

நாகையாவின் சைக்கிளைப் பிடுங்கிக்கொண்டு மிதித்தான். பொழுது இறங்கிக்கொண்டிருந்தது. கரிசல் காடு இரண்டு பக்கமும் கறுத்தது. வழியில் சங்கிலி கழன்றது. சனியன் பிடித்த சைக்கிள். விரல் நசுங்க மாட்டினான். மறுபடியும் கழன்றது. மாட்டினான்.  மிதித்தான்.

கண்மாய் வளைவு. ரோட்டின் நடுவில் சைக்கிளைப் போட்டான். நின்றான்.

கண்மாய் காய்ந்து பாளம்பாளமாக வெடித்துக் கிடந்தது. அப்படித்தான் கிடக்க வேண்டும். ஆனால் கரையில் தண்ணீர் தட்டுகிற சத்தம் கேட்டது. தளக். தளக். அவன் அந்தப் பக்கம் திரும்பவில்லை.

டப்.

ஆமத்தூர்ப் பக்கத்திலிருந்து.

டப் டப்.

வந்தது. புழுதி இல்லை, லாரி இல்லை, மறைப்பு எதுவும் இல்லை. கரும்பச்சை. தரையை ஒட்டி. நேர்க்குழாய். நெளிசல். முழுசாக.

இடது சீட்டில் தேவமணி.

பக்கத்தில் இருந்தவனின் தலைமுடி முகத்தோடு ஒட்டிச் சொட்டிக்கொண்டிருந்தது. அவன் ரோட்டைப் பார்க்கவில்லை. இன்பராஜைப் பார்த்தான். ஸ்டீயரிங்கைத் திருப்பினான். வலது பக்கம். இடது பக்கம். ஒரு முழுச்சுற்று. அது கிணற்று ராட்டினம்போலச் சும்மா சுற்றியது. முன்சக்கரங்கள் அசையவில்லை. நேராக இருந்தன. கண்மாயைப் பார்த்து.

"பித்தளை!" என்று கத்தினான் இன்பராஜ். "தேவமணி, அது பித்தளை! நான்தான் போட்டேன்! குதி!"

இரண்டு வருஷமாக வராத வார்த்தை. வந்துவிட்டது. மறுபடியும் கத்தினான். அவன் காதிலேயே விழவில்லை. சைலன்சர் இல்லாத அந்த இன்ஜின், அவன் கையால் இழைத்த இன்ஜின், அவன் ஓட்டிய குழாய், வளைவு முழுக்க உறுமியது. கத்தக் கத்த அதுதான் கேட்டது.

தேவமணி அவனைப் பார்த்துவிட்டாள். முகம் மலர்ந்தது. கூட்டிப்போக வந்திருக்கிறான் என்று நினைத்திருப்பாள். கோபம் தீர்ந்துவிட்டது என்று நினைத்திருப்பாள். காதில் விழவில்லை என்று கையைக் காட்டினாள். அப்புறம், கொடுக்கச் சொல்லித் தந்ததைப்போல, இரண்டு விரலுக்கு நடுவில் எதையோ உயர்த்திப் பிடித்தாள். கிரீஸ் வழிந்தது. மஞ்சளாக மின்னியது.

சக்கரம் நேராகவே வந்தது.